விலைக்குப் போன ஓங்கில்கள்

கடலும் கரையும்: வரலாற்றுத் தொடர், பகுதி 19

சென்ற பகுதியில் மன்னார் வளைகுடாவின் முத்தும் சங்கும் கப்பலேறிய கதையைப் பார்த்தோம். அவை விலைபேசப்படும்போதே உயிர் போயிருக்கும். இந்தப் பகுதியில் வருவது, உயிரோடு இருந்தால்தான் பெரிய விலை பெறும் ஒரு பிராணியின் கதை. காரைக்காலின் கருக்களாச்சேரியிலிருந்து படகு எடுத்துப் போகிறவர்களுக்கு ஓங்கில் புதிதல்ல. மீன் கூட்டத்தைத் துரத்தி வரும். வலையோரம் வந்து மீனைப் பறித்துக்கொண்டு போகும். சில நாள் படகின் முன்னால் துள்ளி ஓடும். டால்பின் என்று நகரத்துப் பிள்ளைகள் பள்ளிப் புத்தகத்தில் படிப்பதும் இதைத்தான். இதைப் பிடித்துத் தொட்டியில் விட்டு, டிக்கெட் போட்டுக் காட்டும் தொழில் உலகெங்கும் வளர்ந்தது. ஒரு முறை அது தமிழ்நாட்டுக் கரைக்கும் வந்தது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு தொட்டி

ஆண்டு 1998. சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருந்த டால்பின் சிட்டி என்ற பொழுதுபோக்குப் பூங்காவுக்கு பல்கேரியாவிலிருந்து நான்கு ஓங்கில்கள் கொண்டுவரப்பட்டன. கருங்கடலின் குளிர்ந்த, உப்புக் குறைந்த நீரைச் சேர்ந்த இனம், வங்கக் கடலோரத்து வெயிலில் ஒரு தொட்டிக்குள் விடப்பட்டது. ஆறு மாதத்துக்குள் நான்கும் இறந்தன.

அந்தப் பூங்காவிலிருந்து காரைக்காலுக்கு முந்நூறு கிலோமீட்டர்கூட இராது. ஒரே கரை, ஒரே கடல். பூங்காவுக்கு எதிரே திறந்த கடலில் ஓங்கில்கள் தம் போக்கில் நீந்திக்கொண்டிருந்த அதே மாதங்களில், சாலைக்கு இந்தப் பக்கம் அவற்றின் உறவினம் தொட்டியில் செத்தது. இந்த மரணங்கள் தற்செயலா? அதைச் சொல்ல, இந்த வணிகம் பிறந்த இடத்துக்குப் போக வேண்டும்.

பார்னம் முதல் புளோரிடா வரை

1861இல் நியூயார்க்கில் பி.டி. பார்னம் என்ற கேளிக்கை வணிகர், கனடாவின் செயின்ட் லாரன்ஸ் ஆற்றுமுகத்தில் பிடிபட்ட பெலுகா எனும் வெள்ளைத் திமிங்கிலங்களைத் தம் காட்சிசாலையின் தொட்டியில் வைத்துக் காட்டினார். அவை சீக்கிரமே இறந்தன. அவர் வேறு பெலுகாக்களை வரவழைத்தார். பிற்காலத்தில் இந்தத் தொழில் நடந்த முறை முழுவதும் இந்த முதல் சம்பவத்திலேயே அடங்கிவிட்டது: செத்தால் மாற்று வரும், மாற்று கடலிலிருந்து வரும்.

1913இல் நியூயார்க் மீன் காட்சியகத்துக்கு ஹேட்டரஸ் முனையிலிருந்து ஓங்கில்கள் வந்தன. எண்ணெய்க்கும் தோலுக்கும் ஓங்கில்களைக் கொன்றுவந்த மீன்பிடித் தலம் அது. கொல்வதற்காகப் பிடித்தவற்றில் சிலவற்றை உயிரோடு விற்றார்கள். அவற்றில் எதுவும் இரண்டு ஆண்டு முழுதாக வாழவில்லை.

பெரிய திருப்பம் 1938இல் வந்தது. புளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் அருகே மரீன் ஸ்டுடியோஸ் திறக்கப்பட்டது. கடலுக்கடியில் நடப்பதுபோலத் திரைப்படம் எடுப்பதற்காகக் கட்டிய பெருந்தொட்டி அது. படம் எடுக்கக் கட்டியதை வேடிக்கை பார்க்க ஊரே திரண்டது. உள்ளே விட்ட ஓங்கில்களுக்கு மனிதர் சொல்வதைக் கற்கும் திறன் இருப்பதைப் பணியாளர்கள் கண்டுகொண்டார்கள். பந்து வீசுதல், வளையம் தாண்டுதல் என்று காட்சிகள் உருவாயின.

1963இல் பிளிப்பர் திரைப்படமும், அடுத்த ஆண்டு அதே பெயரில் தொலைக்காட்சித் தொடரும் வந்தன. வீட்டுப் பிள்ளையோடு ஓடியாடும் ஓங்கிலை உலகம் பார்த்தது. ஒரே பிளிப்பராகத் திரையில் தெரிந்தவை உண்மையில் ஐந்து ஓங்கில்கள். அவற்றைக் கடலில் பிடித்தும் பழக்கியும் கொடுத்தவர் ரிக் ஓபேரி. 1970இல் அவற்றில் ஒன்றான கேத்தி அவர் கைகளிலேயே மூச்சை நிறுத்திக்கொண்டது என்று அவர் சொல்கிறார். ஓங்கிலுக்கு மூச்சு நமக்கு வருவதுபோல் தானாக வருவதன்று. ஒவ்வொரு மூச்சையும் அது நினைத்து எடுக்க வேண்டும். கேத்தி இனி வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டது என்றே அவர் நம்பினார். அந்த வாரமே பஹாமாஸின் பிமினி தீவுக்குப் போய், கூண்டிலிருந்த வேறொரு ஓங்கிலை விடுவிக்க முயன்று சிறை சென்றார். எஞ்சிய வாழ்நாளைத் தாமே கட்டிய தொழிலுக்கு எதிராகச் செலவிட்டு வருகிறார்.

பென் விரிகுடா, 1970

ஓங்கில் குடும்பத்தில் மிகப் பெரியது ஓர்கா. 1960களின் நடுவில் அதற்கும் விலை வந்தது. 1970 ஆகஸ்ட் 8 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பென் விரிகுடாவில் நடந்தது இந்த வணிகத்தின் கொடிய நாட்களில் ஒன்று. விரைவுப் படகுகளும், மேலே வேவு பார்க்கும் விமானமும், நீருக்குள் வெடிக்கும் வெடிகளும் சேர்ந்து ஏறத்தாழ 80 ஓர்காக்களை ஒரு வளைவுக்குள் விரட்டின. சுருக்குமடி வளைத்த கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி எளிதில் விளங்கும். வளைத்தவர்களுக்கு வேண்டியது மீனன்று, குட்டிகள். தாயோடு ஒட்டிய குட்டிகளை வலையால் பிரித்தார்கள். தாய்கள் வலைக்கு வெளியே நின்று கத்தின. உள்ளிருந்து குட்டிகள் பதில் கொடுத்தன. கரையில் நின்றவர்கள் அந்த ஓசையைப் பல ஆண்டுகள் மறக்கவில்லை.

ஏழு குட்டிகள் விற்பனைக்குத் தேறின. வலையில் சிக்கி மூழ்கிய குட்டிகளின் வயிற்றைக் கீறி, கல்லை நிரப்பி, கடலடியில் தாழ்த்தினார்கள். நவம்பரில் அவற்றில் மூன்று உடல்கள் கரை ஒதுங்கியபோதுதான் வெளியுலகுக்கு விஷயம் தெரிந்தது. அன்று பிடிபட்ட குட்டிகளில் ஒன்று மயாமிக்கு விற்கப்பட்டது. லோலிட்டா என்றும் டோக்கிட்டே என்றும் பெயர் பெற்ற அது, ஐம்பது ஆண்டுக்கு மேல் ஒரே சிறு தொட்டியில் வாழ்ந்து 2023 ஆகஸ்டில் இறந்தது.

1972இல் அமெரிக்கா கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அனுமதிச் சீட்டு வாங்கினால் பிடிக்கலாம் என்ற வாசல் அதில் திறந்தே இருந்தது. 1976இல் அதே மாநிலத்தின் பட் விரிகுடாவில் நடந்த ஓர்காப் பிடிப்பை, ஆளுநரின் உதவியாளர் ரால்ப் மன்றோ தற்செயலாகப் படகிலிருந்து நேரில் கண்டார். மாநில அரசு நீதிமன்றம் சென்றது. வாஷிங்டன் நீர்ப்பரப்பில் ஓர்கா பிடிப்பு நின்றது.

வணிகம் நிற்கவில்லை; ஐஸ்லாந்துக்கு நகர்ந்தது. 1983இல் அங்கே பிடிபட்ட டிலிகம் என்ற ஆண் ஓர்கா, தொட்டி வாழ்வில் மூன்று மனிதர்களின் சாவில் தொடர்புபட்டது. மூன்றாமவர் 2010இல் இறந்த பயிற்றுநர் டான் பிராஞ்சோ. கடலில் தன் போக்கில் வாழும் ஓர்கா மனிதரைக் கொன்றதாக உறுதியான பதிவு இல்லை.

தைஜியும் சாலமன் தீவுகளும்

ஒரு கரையில் சட்டம் வந்தால் அடுத்த கரை. அங்கும் வந்தால் அதற்கடுத்தது. இந்த நகர்வைக் கவனித்தால் ஒன்று தெரியும். வணிகம் ஒவ்வொரு முறையும் போய்ச் சேர்ந்தது, கடலை நன்றாக அறிந்த மீனவர்கள் இருக்கும் இடத்துக்குத்தான்.

ஜப்பானின் தைஜி பல நூற்றாண்டாகத் திமிங்கில வேட்டை நடந்த ஊர். 1969இல் அங்கே திமிங்கில அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. செப்டம்பர் முதல் மார்ச் வரை படகுகள் கடலில் வரிசை பிடித்து நிற்கும். நீருக்குள் இறக்கிய நீண்ட இரும்புக் குழாய்களைச் சுத்தியலால் தட்டுவார்கள். ஒலியால் உலகைக் காணும் ஓங்கிலுக்கு அது கடக்க முடியாத சுவர். கூட்டம் பின்வாங்கிப் பின்வாங்கி ஒரு சிறு குடாவுக்குள் அடைபடும். வாயை வலையால் மூடுவார்கள். பிறகு பயிற்றுநர்கள் நீரில் இறங்கிப் பொறுக்குவார்கள். தழும்பில்லாத இளம் பெண் ஓங்கில்களுக்கே முதல் தேர்வு. மீதியில் பல இறைச்சிக்கு வெட்டப்படும். இறைச்சிக்கு விற்பதைவிடக் காட்சிக்குத் தேறிய ஒன்று பல மடங்கு விலை பெற்றது. அந்தக் காசே வேட்டையைத் தாங்கி நிறுத்தியது. தி கோவ் என்ற ஆவணப்படம் 2009இல் இதை வெளிக்கொணர்ந்து, அடுத்த ஆண்டு ஆஸ்கர் விருது பெற்றது. உலக உயிரியல் பூங்காக்கள் சங்கத்தின் நெருக்குதலால், தைஜியிலிருந்து இனி வாங்குவதில்லை என்று ஜப்பானியப் பூங்காக்களின் சங்கம் 2015 மே மாதம் முடிவெடுத்தது.

தென் பசிபிக்கின் சாலமன் தீவுகளிலும் ஓங்கில் வேட்டை பழமையானது. மலைட்டா தீவில் ஓங்கில் பல் பரிசப் பணம். ஓடத்தில் போய்க் கல்லோடு கல்லை நீருக்குள் தட்டி விரட்டுவது அவர்கள் முறை. தைஜியின் இரும்புக் குழாயும் மலைட்டாவின் கல்லும் ஒரே அறிவிலிருந்து பிறந்தவை. 2003இல் அந்தத் தீவுகளிலிருந்து 28 ஓங்கில்கள் விமானத்தில் மெக்சிகோவின் கான்குன் நகருக்குப் போயின. சில நாட்களிலேயே ஒன்று இறந்தது. 2007இல் இன்னும் 28, துபாயின் பனைத் தீவில் எழும்பிக்கொண்டிருந்த அட்லாண்டிஸ் விடுதிக்குப் போயின. சிங்கப்பூரின் செந்தோசா உல்லாச வளாகத்துக்காக 27 வாங்கப்பட்டன. அவற்றில் இரண்டு 2010இல் மலேசியாவின் லங்காவியில் காத்திருந்தபோதே நோயில் செத்தன. வென் வென் என்ற இன்னொன்று, 2012 நவம்பரில் பிலிப்பைன்ஸிலிருந்து சிங்கப்பூருக்குப் பறக்கும் வழியில் இறந்தது.

இந்தச் சாலமன் ஓங்கில்களைப் பற்றி நம் கரையோர் அறிய வேண்டிய ஒன்று உண்டு. அவை இந்தோ-பசிபிக் குப்பிமூக்கு ஓங்கில்கள். வங்கக் கடலோரம் வாழ்வதும் அதே இனம்தான். துபாய்க்கும் செந்தோசாவுக்கும் போனவை, நம் வலையோரம் வந்து மீன் பறிக்கும் ஓங்கில்களின் இனத்தார்.

கடலில் விழும் பள்ளம்

ஒரு கூட்டத்திலிருந்து பத்து ஓங்கில் போனால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். மத்தி ஒரு பருவத்தில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பெண் ஓங்கில் ஒரு வருடம் சுமந்து ஒரே ஒரு குட்டி ஈனும். அதற்குப் பால் கொடுத்து, வேட்டை கற்றுக்கொடுத்து, அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஆறு ஆண்டு ஆகும். கரையோர ஓங்கில்கள் பெரும்பாலும் தம் வட்டாரத்தை விட்டு விலகாத சிறு சிறு கூட்டங்கள். அந்தக் கூட்டத்தின் இளம் பெண்களையே பொறுக்கி எடுத்தால், அது நாளை பிறக்க வேண்டிய குட்டிகளையும் சேர்த்து எடுத்துப் போவதாகும்.

பிடிபட்டதன் கதி? கடலில் நீர் தாங்கிய உடலைக் கரைக்குத் தூக்கியதும் அதன் சொந்த எடையே நுரையீரலை அழுத்தும். துடுப்புக்குத் துளை விட்ட தூளியில் கிடத்தி, தோலுக்கு நீர் தெளித்து, பல மணி நேரம் பயணம். ஸ்மால், டிமாஸ்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் பூங்காக்களின் பதிவுகளை அலசி 1995இல் வெளியிட்ட முடிவு இதற்குச் சான்று. பிடிபட்ட முதல் ஐந்து நாளில் குப்பிமூக்கு ஓங்கிலின் சாவு வாய்ப்பு ஆறு மடங்கு கூடுகிறது. அதோடு முடியவில்லை: ஒரு பூங்காவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் அதே ஆறு மடங்கு திரும்ப வருகிறது. எத்தனை முறை பயணம் போனாலும் ஓங்கில் அதற்குப் பழகுவதில்லை.

சென்னைக்கு வந்தவற்றின் பின்னணியை இப்போது பொருத்திப் பார்க்கலாம். சோவியத் யூனியனும் பல்கேரியாவும் ருமேனியாவும் 1966இல் கருங்கடலில் ஓங்கில் வேட்டையை நிறுத்தியிருந்தன. ஆனால் காட்சிக்காகப் பிடிப்பது தொடர்ந்தது. 1990களில் கிழக்கு ஐரோப்பாவின் பொருளாதாரம் சரிந்தபோது, கருங்கடல் ஓங்கில்கள் நாடு நாடாக விற்கவும் வாடகைக்கு விடவும் பட்டன. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் மாநாடு 2002இல் சாண்டியாகோவில் கூடியபோது, ஜார்ஜியா நாடு இதை எழுப்பியது. கடலில் பிடித்த கருங்கடல் குப்பிமூக்கு ஓங்கிலை வணிகத்துக்கு ஏற்றுமதி செய்யும் அளவு 2003 முதல் சுழியம் என்று முடிவானது. டால்பின் சிட்டியின் நான்கு ஓங்கில்களுக்கு அந்த முடிவு மிகத் தாமதம்.

2013 மே 17

சென்னையில் நடந்தது முடிந்து பதினைந்து ஆண்டு கழித்து, அதே ஆசை மறுபடி தலைதூக்கியது. கொச்சியிலும் மகாராஷ்டிரத்திலும் டெல்லியை ஒட்டிய நொய்டாவிலும் ஓங்கில் காட்சியகம் கட்டும் திட்டங்கள் பேசப்பட்டன. விலங்கு நல அமைப்புகளின் கூட்டமைப்பான பியாபோ எதிர்ப்பியக்கம் நடத்தியது. கொச்சி உள்ளிட்ட நகரங்களில் மக்கள் வீதிக்கு வந்தார்கள். அப்போது சென்னையில் தலைமையகம் கொண்டிருந்த இந்திய விலங்குகள் நல வாரியம், அனுமதிக்க வேண்டாம் என்று மாநிலங்களுக்கு எழுதியது. அவர்கள் எல்லோரும் எடுத்துக்காட்டியது 1998இன் நான்கு சாவுகளை.

2013 மே 17 அன்று மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் சுற்றறிக்கை அனுப்பியது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சராக ஜெயந்தி நடராஜன் இருந்த காலம் அது. திமிங்கில, ஓங்கில் இனங்களைச் சிறையில் வைத்துக் கேளிக்கைக்குப் பயன்படுத்தும் எந்தத் திட்டத்துக்கும் மாநிலங்கள் அனுமதி தரக் கூடாது என்றது. ஓங்கில்களை மனிதரல்லாத ஆட்களாகக் கருதலாம் என்று அறிவியலாளர்கள் முன்வைக்கும் கருத்தையும் அது குறிப்பிட்டது. அதை வைத்து, இந்தியா ஓங்கிலுக்குச் சட்டப்படி மனித உரிமை கொடுத்துவிட்டது என்று உலகமெங்கும் செய்தி பரவியது. அது உண்மையன்று. சுற்றறிக்கை அப்படி எந்தச் சட்ட நிலையையும் உருவாக்கவில்லை. அது செய்தது வேறு. என் கருத்தில் அதைவிடப் பயனுள்ளது. இந்தியாவில் தொட்டியே இருக்கக் கூடாது என்றது.

அதன் பயனை இதுவரை பார்த்த வரலாறே சொல்கிறது. அமெரிக்கச் சட்டம் பிடிப்பவரைக் கட்டுப்படுத்தியது. வாங்குபவர் அப்படியே இருந்தார். ஆகவே பிடிப்பு ஐஸ்லாந்துக்குப் போனது, தைஜிக்குப் போனது, சாலமன் தீவுகளுக்குப் போனது. ரஷ்யாவின் நாகோத்கா அருகே 11 ஓர்காக்களும் 87 பெலுகாக்களும் கூண்டுகளில் அடைபட்டு விற்பனைக்குக் காத்திருந்ததை 2018இல் உலகம் பார்த்தது. கடும் எதிர்ப்புக்குப் பிறகு அடுத்த ஆண்டு எஞ்சியவை விடுவிக்கப்பட்டன. வாங்குபவர் உள்ளவரை பிடிக்க ஒரு கரை எங்காவது கிடைக்கும். இந்தியச் சுற்றறிக்கை வாங்குபவரையே நிறுத்தியது. கோஸ்டாரிகா, சிலி, ஹங்கேரி ஆகியவை முன்னரே தடுத்திருந்தன. கனடா 2019இல் சட்டம் இயற்றியது. இரு நூற்றாண்டுக்கு மேல் காரைக்காலை ஆண்ட பிரான்சும் 2021இல் ஓங்கில் காட்சிகளுக்கு முடிவுகட்டும் சட்டம் கொண்டுவந்தது. ஆந்தீப் நகரின் மரீன்லேண்ட் பூங்கா 2025 ஜனவரியில் மூடப்பட்டது.

நம் கரைக்கு இதில் என்ன?

ஓங்கில் வணிகத்துக்கு மூன்று வேண்டும்: கடலறிவு உள்ள மீனவர் ஊர், அந்த ஊரில் காசுத் தட்டுப்பாடு, தொலைவில் பணத்தோடு காத்திருக்கும் பூங்கா. முதல் இரண்டும் கருக்களாச்சேரியிலும் உண்டு; கிளிஞ்சல்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் உண்டு. மீன் எங்கே கூடும், எந்தக் காற்றுக்கு ஓங்கில் கரையண்டும் என்று இங்கே வளர்ந்த இளைஞருக்குத் தெரியும். தடைக்கால மாதங்களில் வீட்டில் கையிருப்பு என்ன என்பதும் தெரியும். தைஜி, மலைட்டா மீனவர்கள் நம்மைவிடக் கெட்டவர்கள் அல்லர். அவர்கள் கரையில் மூன்றாவது ஆள் வந்து நின்றார். நம் கரையில் நிற்கவில்லை. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தோடு 2013இன் சுற்றறிக்கையும் சேர்ந்து அவரை வாசலிலேயே தடுத்திருக்கிறது.

ஆனாலும் நம் கை முழுக்கச் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. துபாயிலும் சிங்கப்பூரிலும் தமிழர் வேலை செய்கிறார்கள். உறவினர் விடுமுறைக்குப் போகிறார்கள். பிள்ளைகளுக்காக ஓங்கிலோடு படம் எடுத்துக்கொள்ளும் சீட்டை வாங்குகிறார்கள். அந்தச் சீட்டின் காசு, அடுத்த ஓங்கில் வாங்கப் போகும் காசு. ஊரில் தொட்டி வேண்டாம் என்று நாடு முடிவு செய்த பிறகு, வெளிநாட்டில் அதற்குப் பணம் கொடுப்பது அந்த முடிவை நாமே அழிப்பதாகும். காரைக்காலிலிருந்து பாரிசுக்கும் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போய்வரும் ஒவ்வொரு குடும்பமும் இதை வெளிப்படையாக மறுக்க வேண்டும். ஓங்கிலைக் காண விரும்பும் பிள்ளையை ஒரு காலையில் படகில் அழைத்துப்போய், அது உழைத்துத் தின்னும் இடத்தில் காட்டுங்கள். ஓங்கில் வராத நாளும் இருக்கும். அதன் விருப்பம் அது என்பதையும் பிள்ளை கற்கட்டும்.

பிடித்து விற்பதை நிறுத்திய நாம், பிடிக்க எண்ணாமலே கொல்வதை இன்னும் நிறுத்தவில்லை. அடுத்த பகுதி: வழிவலையில் சிக்கி மூச்சடைக்கும் ஓங்கில்களும், அதைத் தடுக்கக் கடலோர ஊர்கள் செய்யக் கூடியவையும்.

(தொடரும்)